ஏறுவோரும் ஏற்றுவோரும்

உயர்வை விரும்புதல் மாந்தர்க்கு இயல்பு. விண்ணளாவிய கோபுரத்தைக் கண்டு வியத்தலும், மாடமாளிகைகளைப் பாடிப் புகழ்தலும் நம் முன்னோர்க்கும் நமக்கும் ஒருதன்மையனவே. ஆயின், அவ்வுயரத்தே நின்று கல்லோடு கல்லைப் பொருத்தியவன் யாவன், சுவருக்குச் சுண்ணம் பூசியவன் யாவன், அவன் நின்ற பலகையைத் தாங்கியது யாது, அவன் நலமே இறங்கி வீடு சேர்ந்தனனோ என்று வினவுவார் மிகச் சிலர். அடிக்கல் நாட்டியவர் பெயரும், திறந்து வைத்தவர் பெயரும், பொருளுதவி புரிந்தவர் பெயரும் சலவைக்கல்லிற் பொறிக்கப்பட்டிருத்தலை எங்குங் காண்கின்றோம். ஏறி நின்று கட்டியவர் பெயரை யாண்டுங் காண்கிலோம். உயரத்திற் பணிபுரிவோர் வீழ்ந்து மடியாவண்ணங் காத்தல் யாருடைய கடன் என்பதைச் சிறிது ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். அக்கடன் முதற்கண் ஏறுவோனுடையதன்று, அவனை ஏற்றுவோனுடையதே என்பது எமது துணிபு.

உயரத்திற் பணிபுரிவோர் எனின், வானளாவுங் கட்டடங்களில் இரும்புச் சட்டம் பூட்டுவோரை மட்டும் நினைத்தல் கூடாது. சாரத்தின்மேல் நிற்கும் கொத்தனாரும், கலவைச் சட்டி சுமந்து படியேறுஞ் சித்தாளும், சுவருக்கு வண்ணம் பூசுவோரும், மின்கம்பம் ஏறுவோரும், நீர்த்தொட்டி கழுவுவோரும், தெருமுனை விளம்பரத் தட்டிகளைக் கட்டுவோரும், பனையுந் தென்னையும் ஏறுவோரும் இவ்வினத்தவரே. உலக சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டில் வெளியிட்ட குறிப்பின்படி, உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே வீழ்தலால் மடிகின்றனர். இக்கணக்கில் வீட்டில் வீழும் முதியோருஞ் சிறாரும் அடங்குவர். தொழிலிடங்களை மட்டும் நோக்கினும், கட்டடத் தொழிலில் உயிரைக் கவரும் காரணங்களுள் வீழ்தலே முதலிடம் பெறுதலை அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் கணக்குகள் பல்லாண்டுகளாகக் காட்டி வருகின்றன.

வீழ்வோன் தன்னைத் தானே காத்துக்கொள்ளலாகாதோ என்பார்க்கு இயற்பியல் விடை கூறும். 3 மீட்டர் உயரத்தினின்று வழுவியவன் ஒரு நொடி முடியுமுன்னே நிலத்தை அடைகின்றான். அப்பொழுது அவன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர். 10 மீட்டராயின், ஒன்றரை நொடி முடியுமுன் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதுவன். “ஐயோ” என்று வாய்திறத்தற்கும் நேரமின்று. ஆகவே வீழத்தொடங்கிய பின்னர் விழிப்போ திறமையோ உதவாது. காவல் என்பது வீழ்ச்சிக்கு முன்னரே அமைந்திருத்தல் வேண்டும். அதனை முன்னரே அமைத்தற்கு வேண்டிய பொருளும் ஓய்வும் அதிகாரமும் ஏறுவோனிடத்தில் இல்லை, ஏற்றுவோனிடத்தே உள்ளன.

நிற்க. இத்தகைய சாவு நேர்ந்தவிடத்து நம்மவர் முதலிற் கூறுஞ் சொல் “விதி” என்பதே. கிறிஸ்தவர்களாகிய நம்மிடையே அச்சொல் “ஆண்டவர் சித்தம்” என்று வேற்றுருக் கொள்கின்றது. இரண்டும் துயருற்றார்க்கு ஆறுதல் கூறப் பயன்படலாம். பொறுப்புடையார்க்கு மறைவிடமாகப் பயன்படலாகாது. சீலோவாமிற் கோபுரம் வீழ்ந்து 18 பேர் மாண்டகாலை, மாண்டவர் ஏனையோரினும் பெரும்பாவிகள் என்று எண்ணிய மக்களின் எண்ணத்தை ஆண்டவர் மறுத்தனர் என்பதை லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 13-ஆம் அதிகாரத்திற் காண்கின்றோம். அன்றியும், தேவாலயத்து உப்பரிகையின்மேல் நின்று கீழே குதிக்குமாறும், தூதர் தாங்கிக்கொள்வர் என்றும் அலகை தூண்டியபொழுது, அங்ஙனஞ் செய்தல் கடவுளைச் சோதிப்பதாகும் என்று அவர் மறுத்தமையும் நாமறிந்ததே. கயிறும் கிராதியும் இன்றி ஒருவனை உயர ஏற்றிவிட்டுக் கடவுள் காப்பார் என்றிருத்தல், அன்று ஆண்டவர் மறுத்த சோதனையைப் பிறனொருவன் உயிரைக்கொண்டு நாம் செய்வதன்றி வேறென்னை?

இனி, கடமை யாருடையது என்னும் வினாவிற்கு மிகப் பழையதொரு விடை மோசேயின் நியாயப்பிரமாணத்தில் உள்ளது. உபாகமம் 22-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனம், புதுவீடு கட்டுவோன் தன் மெத்தைக்குக் கைப்பிடிச்சுவர் அமைத்தல் வேண்டுமென விதிக்கின்றது. ஒருவன் அங்கிருந்து வீழ்ந்தால் இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்பதே அதற்குக் கூறப்படுங் காரணம். இவ்விதியில் நாம் நுனித்து நோக்கற்பாலன இரண்டுள. ஒன்று, மெத்தைமேல் நடப்போன் எச்சரிக்கையாக நடக்கவேண்டுமென்று அங்குக் கூறப்படவில்லை. கட்டினோன் சுவரெழுப்ப வேண்டுமென்றே கூறப்பட்டது. மற்றொன்று, வீழ்ந்த பின்னர் நட்டஈடு கொடுக்குமாறு கூறாமல், எவனும் வீழ்தற்கு முன்னரே, வீடு புதிதாக இருக்கும்பொழுதே, காவல் செய்யுமாறு கூறப்பட்டது. இந்நாளில் அறிஞர் வகுத்துள்ள பாதுகாப்பு நெறிகளனைத்திற்கும் இவ்விரண்டே வேர் எனலாம்.

நம் தமிழ்மறையும் இப்பொருளிற் பின்வாங்கவில்லை. வலியறிதல் என்னும் அதிகாரத்தே வள்ளுவனார் அடுத்தடுத்து இரண்டு உவமைகளை வைத்தனர். மயிலிறகே ஆயினும் அளவின்றி ஏற்றின் வண்டியின் அச்சு முறியும் என்பது ஒன்று. மரத்தின் நுனிக்கொம்புவரை ஏறியவன் அதனையுங் கடந்து செல்ல முயலின் உயிரிழப்பான் என்பது மற்றொன்று. அரசனுக்கு உரைத்த இவற்றைச் சாரங்கட்டும் மேஸ்திரிக்கும் உரைக்கலாம். செங்கலும் கலவையும் ஆட்களும் ஒருங்கே ஏறிய சாரம் அச்சு முறிந்த வண்டியை ஒக்கும். ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. குறளில் நுனிக்கொம்பு ஏறுவோன் தன் ஊக்கத்தால் ஏறுகின்றான். அன்றாடக் கூலிக்காரனோ பிறன் பணிக்க ஏறுகின்றான். அவன் எல்லையை அவன் வகுப்பதில்லை; நாளை வேலையில்லை என்னுஞ் சொல் வகுக்கின்றது. ஆதலின் வலியறிதல் என்னும் அறம் இங்கு ஏற்றுவோனையே சாரும்.

வலைவிரித்துக் காத்த ஒரு பெருஞ்செயலை இவ்விடத்துக் கூறுதல் பொருந்தும். அமெரிக்க நாட்டுச் சான் பிரான்சிஸ்கோ நகரத்துக் கோல்டன் கேட் பாலம் 1933-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று 1937-ஆம் ஆண்டில் முடிவுற்றது. பத்து இலட்சம் டாலர் செலவாகும் ஒவ்வொரு வேலைக்கும் ஓருயிர் போதல் இயல்பே என்பது அந்நாளில் அந்நாட்டுக் கட்டடத் தொழிலில் வழங்கிய கணக்கு. பாலத்தின் செலவோ ஏறத்தாழ 350 இலட்சம் டாலர். தலைமைப் பொறியாளராகிய ஜோசப் ஸ்ட்ராஸ் அக்கணக்கிற்கு உடன்பட்டிலர். பணியாளர் தலைக்கவசம் அணிதலைக் கட்டாயமாக்கினர். பாலத்தளத்தின்கீழ் நெடுகிலும் ஒரு பெருவலையை விரித்தனர். அதற்கு ஏறத்தாழ 1,30,000 டாலர் செலவாயிற்று. அவ்வலையில் வீழ்ந்து பிழைத்தோர் 19 பேர். நரகத்திற்குப் பாதிவழி சென்று மீண்டோர் சங்கம் என்று அவர்கள் தமக்கு நகையாகப் பெயரிட்டுக்கொண்டனர். நான்காண்டுக்குச் சற்றுக் குறைந்த காலம் ஓருயிர்க்கு மேற் போகவில்லை.

ஆயின் 1937-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17-ஆம் நாள், தளத்தின் கீழிருந்த பெருஞ்சாரமொன்று கழன்று வலையின்மேல் வீழ்ந்தது. அதன் பளுவைத் தாங்காமல் வலை கிழிந்தது. 10 பேர் மாண்டனர். இந்நிகழ்ச்சி இரண்டு பாடங்களை ஒருங்கே கற்பிக்கின்றது. சாவு இயல்பென்று கூறும் கணக்கு பொய் என்பது ஒன்று. ஒரே காவலை நம்பி ஏனையவற்றைத் தளரவிடல் ஆகாது என்பது மற்றொன்று. வலை மனிதரைத் தாங்கவே அமைந்தது. சாரத்தைத் தாங்க அன்று.

காவல் முறைகளை வரிசைப்படுத்துதல் இன்று பல நாடுகளிலும் ஏற்கப்பட்டதொன்று. பிரிட்டனில் 2005-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதிகள் இவ்வரிசையைச் சட்டமாகவே ஆக்கின. முதலாவது, ஏறாமற் செய்யத்தக்கதை ஏறாமலே செய்தல். நீண்ட கழியிற் பொருத்திய உருளையால் தரையில் நின்றே சுவருக்கு வண்ணம் பூசுதலும், உயரத்திற் பூட்ட வேண்டியதைத் தரையிலேயே பூட்டிக் கப்பியால் உயர்த்துதலும் இதன்பாற்படும். இரண்டாவது, ஏறியே தீரவேண்டுமாயின் வீழாதபடி தடுத்தல். சாரத்தில் இடைவெளியின்றிப் பலகை பரப்பலும், ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் கிராதி அமைத்தலும், தளத்திலுள்ள திறப்புகளை மூடுதலும் இதன்பாற்படும். மூன்றாவது, வீழ்ந்தாலும் ஊறு குறையச் செய்தல். வலையும் கச்சையும் இதன்பாற்படும். கச்சை இறுதியில் வைக்கப்பட்டமைக்குக் காரணம் உண்டு. கிராதி அங்கு நிற்போர் எல்லாரையும், மறதியுடையானையும் களைத்தவனையுங்கூடக் காக்கும். கச்சையோ அணிந்தவனை மட்டுமே, அதுவும் அவன் கொக்கியை மாட்டிய பொழுது மட்டுமே காக்கும்.

கச்சையைப் பற்றி நம் நாட்டில் நிலவும் மயக்கம் பெரிது. இடையிற் கட்டும் “பெல்ட்” ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டாற் கடமை தீர்ந்ததெனப் பலர் கருதுகின்றனர். வீழ்கின்ற உடலை அவ்விடைக்கச்சை திடீரென நிறுத்துங்கால், விசை முழுதும் வயிற்றையும் முதுகெலும்பையுந் தாக்கும். தலைகீழாகக் கச்சையினின்று நழுவுதலும் உண்டு. இதுபற்றியே அமெரிக்காவில் 1998-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் வீழ்வோரைத் தடுத்து நிறுத்தும் பணிக்கு இடைக்கச்சை விலக்கப்பட்டது. தோளையும் மார்பையும் தொடையையும் ஒருங்கே பிணித்து விசையைப் பகிரும் முழுவுடற் கச்சையே வேண்டுவது.

அதுவும் கட்டும் இடமறிந்து கட்டினாலன்றிப் பயனின்று. சாரத்து மூங்கிலிலேயே கயிற்றைக் கட்டினவன் சாரம் சாயின் அதனோடு சாய்வன். இனி, கயிற்றின் நீளம் 1.8 மீட்டர் எனவும், அதிர்வு தாங்கும் பகுதி விரிவது ஒரு மீட்டர் எனவும், முதுகு வளையத்தினின்று பாதம்வரை ஒன்றரை மீட்டர் எனவும், எஞ்சியிருக்க வேண்டிய இடைவெளி ஒரு மீட்டர் எனவும் கொள்வோம். பிணித்த இடத்தின்கீழ் 5 மீட்டருக்கு மேற்பட்ட வெறுவெளி வேண்டுமென்பது பெறப்படும். முதல்மாடி உயரம் 3 அல்லது 4 மீட்டரே ஆதலின், காலடியில் கயிற்றைப் பிணித்தவன் கயிறு தடுக்குமுன் தரையில் மோதுவன். தலைக்கு மேலே பிணிப்பின் இவ்வபாயம் பெரிதும் குறையும். கச்சையில் தொங்குவோனை உடனே இறக்குதற்கும் ஏற்பாடு வேண்டும். அசைவின்றித் தொங்குங்கால் குருதி கால்களில் தேங்கி, சில நிமிடங்களிலேயே உயிர்க்கு இடர் விளையும். இவற்றையெல்லாம் கூலியாள் தானே அறிந்து செய்துகொள்வன் என்று விடுதல் எவ்வாறு பொருந்தும்?

“தொழிலாளரே இவற்றை விரும்புவதில்லை, கொடுத்தாலும் அணிவதில்லை” என்று கூறுவாருளர். இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் காரணத்தை நோக்குதல் வேண்டும். இத்தனை சதுரஅடிக்கு இவ்வளவு என்று குத்தகை பேசியவனுக்குக் கொக்கியை மாட்டிக் கழற்றும் ஒவ்வொரு கணமும் கூலிக்குறைவாகத் தோன்றும். விரைவுக்குக் கூலியும் காவலுக்கு வசையும் கொடுக்குமிடத்து, அவன் விரைவையே தெரிந்துகொள்ளுதல் வியப்பன்று.

பழக்கமே போதிய காவல் என்பாருமுளர். பழக்கத்தாற் சிறந்த பனையேறியை நோக்குக. தளைநாரைக் காலிற் பூட்டி, கிளையில்லா நெடுமரத்தைத் தழுவி, பருவகாலத்தில் ஒவ்வொரு மரத்தையும் நாளைக்கு இருமுறை ஏறி இறங்குவான். திருநெல்வேலி, கன்னியாகுமரிச் சீமைகளின் திருச்சபைகள் பலவும் இத்தகையோர் உழைப்பால் வளர்ந்தன. அவர் காணிக்கையாற் பல பள்ளிகள் நிலைபெற்றன. கலையில் அவருக்கு ஒப்பார் இலர். எனினும் பனையினின்று வீழ்ந்து இடுப்பொடிந்தோரை அச்சீமையின் சிற்றூர்கள் நன்கறியும். பழக்கம் அச்சத்தைப் போக்கும்; ஈரமான மரத்தின் வழுக்கலைப் போக்காது.

சட்டம் இல்லையோ எனின், உண்டு. 1996-ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் கட்டடத் தொழிலாளர்க்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. 1998-ஆம் ஆண்டில் அதற்குரிய விதிகளும் வகுக்கப்பட்டன. ஆயினும் அச்சட்டம் 10 பேரோ அவர்க்கு மேற்பட்டோரோ பணிபுரியும் இடங்களையே குறித்தது. 2020-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் கட்டட வேலைக்கு அவ்வெல்லையே வைக்கப்பட்டது. நான்கு பேர் ஓர் ஆலயத்திற்கு வண்ணம் பூசுதலும், இருவர் ஒரு வீட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைச் செப்பனிடுதலும் இவ்வெல்லைக்குள் வாரா. வலிமை போல் தோன்றி மிதித்தவுடன் நொறுங்கும் அக்கூரையின்மேல் பலகை பரப்பாமல் நடத்தல் மிகக் கொடிய இடராகும். சட்டத்தின் கை நீளாதவிடத்து மனச்சான்றின் கை நீளுதல் வேண்டும். மெத்தைக்குச் சுவரெழுப்புக என்ற பழைய கட்டளை, எத்தனை பேர் ஏறுவர் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

இத்துணையும் கூறியது, தொலைவிலுள்ள முதலாளிகளைக் குறைகூறுதற்காக அன்று. கல்லூரியும் திருச்சபையும் நாளை நாம் அமைக்கவிருக்கும் இல்லமும் பிறரை ஏற்றும் இடங்களே. நம் நாட்டில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களிலேயே கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவை முன்னிட்டு ஆலயங்கட்கு வெள்ளையடித்தல் வழக்கமாயிருக்கின்றது. நனைந்த மூங்கிலும், ஊறிய கயிறும், பாசிபடர்ந்த சுவரும், விழாவிற்கு முன் முடிக்கவேண்டுமென்னும் விரைவும் ஒருங்கு கூடுகின்றன. கோபுர உச்சியில் நட்சத்திர விளக்கைக் கட்ட வாலிபர் ஏறுவதும் அந்நாட்களிலேதான். மாந்தரைக் காக்க வந்த குழந்தையின் பிறப்பைக் கொண்டாடுதற்கு ஒரு தாயின் மகனை இடருக்குள்ளாக்குதல் தகுமோ?

ஆகலின் சில முறைகளை நம் கல்லூரியாரும் சபையாரும் மேற்கொள்ளுதல் நலமென எண்ணுகின்றோம். வெள்ளையடித்தலையும் கூரை செப்பனிடுதலையும் கோடை விடுமுறையிலேயே முடித்துக்கொள்ளலாம். ஒப்பந்தப்புள்ளி கோருங்கால் சாரப்பலகை, கிராதி, கச்சை ஆகியவற்றின் செலவைத் தனியே குறிக்குமாறு கேட்டு, அத்தொகையைப் பேரத்திற்கு அப்பாற்பட்டதாக வைக்கலாம். அங்ஙனஞ் செய்யின் காவலைக் குறைத்தவன் குறைந்த விலை கூறி வேலையைக் கவரல் இயலாது. கோபுரத்திலும் உயர்ந்த மாடிகளிலும் கச்சைக்கயிறு பிணித்தற்கேற்ற உறுதியான இரும்பு வளையங்களைப் பொறியாளர் கண்டு நிலையாகப் பதிக்கலாம். நட்சத்திர விளக்கிற்கென ஒரு கப்பியை ஒருமுறை அமைத்துவிட்டால், ஆண்டுதோறும் ஒருவரும் ஏறவேண்டுவதில்லை. மழையும் காற்றும் மிகுந்தபொழுது வேலையை நிறுத்தும் அதிகாரம் ஒருவருக்குத் தரப்படல் வேண்டும். நிறுத்திய நாளுக்குக் கூலி குறைக்கலாகாது. கூலி குறையுமாயின் அவ்வதிகாரத்தை ஏழைத் தொழிலாளரே வெறுப்பர். பொறியியல் துறையில் விளங்கும் பழைய மாணவர், ஆண்டில் ஒருநாள் வந்து இவற்றை மேற்பார்வையிட்டு நம்மனோர்க்குக் கற்பித்தல் பேருதவியாகும். மாணவராகிய நாமோ, கல்லூரி விழாவிற்குத் தோரணங்கட்ட மேசையின்மேல் நாற்காலியை அடுக்கி ஏறும் வீரத்தை விடுத்து, ஏணியும் அதனைப் பிடிக்க ஒரு தோழனும் வேண்டுமென்று கேட்கும் அறிவைக் கைக்கொள்வோமாக.

இவற்றிற்குப் பொருள் செலவாகாதோ எனின், ஆகும். ஆனால் அச்செலவு இப்பொழுதும் ஆகிக்கொண்டுதான் இருக்கின்றது. நம் கணக்கேட்டில் எழுதப்படவில்லை, அவ்வளவே. கிடையாய்க் கிடக்கும் தந்தையின் மருந்தாகவும், பள்ளியை விட்டு நின்ற மகளின் கூலியாகவும், முடிக்கப்படாத ஒரு குடிசையாகவும் வேறொரு வீட்டின் கணக்கில் அது எழுதப்படுகின்றது. கட்டடத்தின் முழுவிலையையும் கட்டுவித்தவரே கொடுத்தல் நேர்மை. நம்முடைய சுவர்கள் பொலிவுறும்பொருட்டு ஏழையொருவன் தன் முதுகெலும்பை ஈடுவைத்தல் நேர்மையன்று.

கற்றோர் பலர் நாளை வீட்டுத்தலைவராகவும், பள்ளித் தலைவராகவும், சபைமன்ற உறுப்பினராகவும், பொறியாளராகவும் விளங்குவர். பிறரை நோக்கி “ஏறு” என்று கூறும் அதிகாரம் அவர் கைக்கு வரும். அச்சொல்லைக் கூறுமுன், ஏறுவோன் நிற்கப் பலகை உண்டோ, பற்றக் கிராதி உண்டோ, வழுவின் தாங்கக் கயிறு உண்டோ என்று நோக்குவாராயின், அவர் கற்ற கல்வி பயனுடையதாகும்.